மணல் தரை லாயத்தில் உலர்புல்: வலையா, பெட்டியா, சுவர் ரேக்கா?

கடலோர_லாயம்:
ஈசிஆர் பக்கம், முழுக்க மணல் தரை. லாடம் அடித்த குதிரைகள் இரண்டு, தலா 400 கிலோ இருக்கும். ஒரு வயதுக் குட்டி ஒன்று. புல்லைத் தரையில்தான் போடுகிறோம், நிறைய மிதிபட்டுப் போகிறது. மாட்டுக்குச் செய்கிற மாதிரி சுவரில் கம்பி ரேக் அடித்துத் தருவதாக வெல்டிங் பட்டறையில் சொல்கிறார்கள். வலை வாங்கினால் செலவு குறைவு. எது பாதுகாப்பு?

குளம்படி:
ரேக்கை முதலில் தள்ளுங்கள். தலைக்கு மேலே இருந்து புல்லை இழுத்தால் தூசியும் புல்விதையும் நேராகக் கண்ணிலும் மூக்கிலும் விழும். குதிரை தலையைத் தாழ்த்தி மேயும்போதுதான் மூச்சுக்குழாய்ச் சளி வடியும். தூக்கியே வைத்திருந்தால் தேங்கும். இருமல் உள்ள குதிரைக்கு ரேக் கூடவே கூடாது.

மாட்டு ரேக்கில் இன்னொரு ஆபத்து கம்பி இடைவெளி. குளம்பு நுழையவே முடியாத அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் நுழைந்த குளம்பும் தலையும் தடையில்லாமல் திரும்பி வரும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். நடுவில் இருப்பதுதான் கால் முறிக்கும். குட்டியின் குளம்பு குறுகல் என்பதால் 5 செ.மீ.க்கு மேல் விடாதீர்கள்.

மருதநிலம்:
ரேக் விஷயத்தில் ஒத்துப்போகிறேன். என் தேர்வு வலை. 400 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு 6 முதல் 8 கிலோ உலர்புல் வேண்டும். தரையில் கொட்டினால் சீக்கிரம் தின்று முடித்துவிட்டு மணிக்கணக்கில் சும்மா நிற்கும். குதிரையின் வயிற்றில் அமிலம் இரவுபகலாகச் சுரக்கிறது, எச்சிலோ மெல்லும்போது மட்டும்தான் ஊறும். வயிற்றுப்புண் வருவது இந்த இடைவெளியில்தான். 3 முதல் 4 செ.மீ. கண் உள்ள வலை அதே புல்லைத் தின்னும் நேரத்தை நீட்டிவிடும்.

கட்டும் முறை முக்கியம். வளையத்தைக் குதிரையின் கண் மட்டத்தில் பதியுங்கள். வலைக்கயிற்றை வளையத்தில் கோத்து, கீழே கொண்டுபோய் வலையின் அடிக்கண்ணில் நுழைத்து, மேலே இழுத்து, ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சு போடுங்கள். காலியான வலை தொங்கி நீளும். அந்த நிலையிலும் அடிப்பகுதி குதிரையின் மார்புக்குக் கீழே வரக்கூடாது. வளையத்துக்கும் கயிற்றுக்கும் நடுவில் மெல்லிய சணல் கயிற்றால் ஒரு கண்ணி போட்டுவிட்டால், கால் சிக்கினாலும் சணல் அறும். நைலான் வேண்டாம், அது அறாது.

குளம்படி:
சணல் அறுந்த பிறகு என்ன ஆகும்? லாடத்தின் பின்முனைக்கும் குளம்புக்கும் நடுவே இழை சிக்கியிருக்கும். வலை காலோடுதான் போகும், குதிரை மிரண்டு ஓடும். கேட்டவரிடம் இரண்டுக்கு லாடம் இருக்கிறது, மூன்றாவது எதையும் காலால் தட்டிப் பார்க்கிற குட்டி. இந்த மூன்றுக்கும் வலையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, என் தேர்வு பெட்டி.

தீவனத்தையும் பாருங்கள். நம் பக்கம் காய்ந்த குதிரைமசால் (லூசர்ன் தீவனப்பயிர்) கலந்து போடுவார்கள். அதன் சத்து பெரும்பாலும் இலையில். வலையை இழுக்க இழுக்க இலை நொறுங்கி மணலில் கொட்டும், குதிரை அதை மணலோடு நக்கித் தின்னும். மணல் கோலிக்கை, அதாவது குடலில் மணல் சேர்ந்து வரும் வயிற்றுவலியை, தடுக்க வாங்கிய வலையே மணலை ஊட்டிவிடும்.

மருதநிலம்:
இலை உதிர்வது உண்மைதான். கீழே 2 மீட்டருக்கு 2 மீட்டர் ரப்பர் மேட் போட்டு, தினம் பெருக்கினால் அது தீரும். பெட்டியிலும் தலையை ஆட்டி வெளியே தள்ளத்தானே செய்கிறது?

குளம்படி:
தள்ளும், ஆனால் அளவு குறைவு. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் சிறு கட்டுப் புல்லை வைத்து அளந்திருக்கிறார்கள்: வெறும் தரையில் 13 சதவீதம் வீண், ரேக்கில் 5, கூடையில் 3, புல்லின் மேலே இடைவெளி விட்ட சட்டம் வைத்த பெட்டியில் 1.

மருதநிலம்:
அது வளர்ந்த குதிரைகளை வெளியில் வைத்து, புல் வீணாவதை அளந்த ஆய்வு. காயத்துக்கான கணக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தச் சட்டத்தைப் பற்றியும் சொல்லுங்கள். புல் குறையும்போது இரும்புச் சட்டம் ஒரு பக்கம் சாய்ந்து, தலை அடியில் போய்விடும். ஈறும் பல்லும் தேயும்.

குளம்படி:
நியாயமான கவலை. அதற்காகத்தான் பெட்டியின் உள்மூலை நான்கிலும் செங்குத்தாக மரச்சட்டம் அடித்து, அதை ஒட்டியே இரும்புச் சட்டம் இறங்குகிற மாதிரிச் செய்ய வேண்டும். பாதி ஆழத்தில் கட்டை வைத்து நிறுத்திவிட்டால் அதற்குக் கீழே உள்ள புல் எட்டாது, சட்டத்தையே கடிக்கும். குட்டிக்குச் சட்டமே வேண்டாம், திறந்த பெட்டி போதும்.

பெட்டியைத் தடித்த ப்ளைவுட்டில், சுவர் மூலையில் போல்ட் போட்டு நிறுத்துங்கள். அசைந்தால் கவிழும். ஆணி வேண்டாம், திருகின் தலையும் வெளியே தெரியக்கூடாது. மேல் விளிம்பை உருட்டி இழையுங்கள். அடியில் 2 செ.மீ. துளைகள் ஏழெட்டு போடுங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் அடிப்புல் ஒரே இரவில் பூஞ்சை பிடிக்கும். மிச்சத்தைக் காலையில் முழுசாக அள்ளிவிட்டுத்தான் புதுப்புல் போட வேண்டும்.

மருதநிலம்:
லாடமும் குட்டியும் இருக்கிற இடத்தில் பெட்டி என்பதை ஏற்கிறேன். லாடம் இல்லாத, தனிக்கொட்டிலில் நிற்கும் குதிரைக்கு வலைதான் என்பதில் மாற்றமில்லை. தூசிக்காகப் புல்லை நனைப்பதும் வலையில் எளிது: 10 நிமிடம் முக்கி, வடியவிட்டு, உடனே கொடுக்க வேண்டும். நம் வெயிலில் நனைத்ததை மதியம் வரை வைத்தால் புளித்துவிடும்.

கடலோர_லாயம்:
பெட்டிக்கே போகிறோம். ஏற்கெனவே மணல் உள்ளே போயிருக்குமா? பகலில் மூன்றையும் ஒன்றாக வெளியே விடுவோம், அங்கே எப்படிப் போடுவது?

குளம்படி:
தரையில் படாத மேல்சாண உருண்டைகள் ஐந்தாறு எடுத்து, கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக் கரைத்து, கால் மணி நேரம் அசையாமல் வையுங்கள். ஒரு டீஸ்பூனுக்கு மேல் மணல் படிந்தால் கால்நடை மருத்துவரை அழையுங்கள். படியவில்லை என்பதற்காக மணலே இல்லை என்று நினைக்க வேண்டாம், குடலிலேயே தங்கியிருக்கலாம்.

மருதநிலம்:
வெளியே மூன்று குதிரைக்கு நான்கு இடத்தில் வையுங்கள். மூன்றே வைத்தால் அடக்குகிற குதிரை விரட்டும்போது குட்டிக்குப் போக்கிடம் இருக்காது. ஒன்றுக்கொன்று 5, 6 மீட்டர் தள்ளி, வேலி மூலையை விட்டு விலகி, அடியில் மேட் போட்டு அகலமான ரப்பர் தொட்டிகள் வையுங்கள். பழைய லாரி டயர் கொண்டுவந்து போடச் சொல்வார்கள். உள்ளே இருக்கும் எஃகுக் கம்பி பிய்ந்து வாயைக் கிழிக்கும், தவிர்த்துவிடுங்கள்.