வேலூர் டவுனுக்குள் தினமும் ஓட்ட ஃபிக்ஸியா, சிங்கிள் ஸ்பீடா? உதவி தேவை

சித்தூர்_ரோடு:
வணக்கம். காட்பாடி ரயில்வே மேம்பாலத்துக்கு வடக்கே வீடு, தோட்டப்பாளையத்தில் வேலை. மேம்பாலம் ஏறி இறங்கி, விருதம்பட்டு, பாலாற்றுப் பாலம், கிரீன் சர்க்கிள் வழியாகப் போக வேண்டும். பைக்கை வீட்டில் விட்டுவிட்டு சைக்கிளுக்கு மாறுவது என்று முடிவு செய்துவிட்டேன். பராமரிப்பு குறைவாக இருக்க வேண்டும் என்பதால் ஒரே கியர் போதும்.

இரண்டு வழி இருக்கிறது. படிப்பு முடிந்து ஊருக்குக் கிளம்பும் மாணவர் ஒருவர் தன் ஃபிக்ஸியை (மிதியும் பின்சக்கரமும் எப்போதும் சேர்ந்தே சுற்றும் சைக்கிள்) விற்கிறார். ஸ்டீல் ஃபிரேம், 700x28 டயர், முன்னால் 46 பல், பின்னால் 16 பல், முன்பிரேக் மட்டும். ஃபிளிப் ஃபிளாப் ஹப், அதாவது இரண்டு பக்கமும் பல்சக்கரம் மாட்டக்கூடிய சக்கரக் குடம். சக்கரத்தைத் திருப்பிப் போட்டால் ஃப்ரீவீலாகவும் (மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் உருளும், சாதா சைக்கிள் மாதிரி) ஓட்டலாம் என்கிறார். இன்னொன்று, வீட்டில் அப்பாவின் பழைய பி.எஸ்.ஏ எஸ்.எல்.ஆர் நல்ல நிலையில் நிற்கிறது. அதன் ஃப்ரீவீலில் வெல்டிங் வைத்துக் கொடுத்தால் அதுவே ஃபிக்ஸி ஆகிவிடும் என்று தெருமுனை சைக்கிள் கடையில் சொல்கிறார்கள். எதை எடுப்பது? 46க்கு 16 நம் ஊருக்குச் சரிவருமா?

சத்துவாச்சாரி_சவாரி:
தம்பி, முதலில் கியர் விஷயம். 46ஐ 16ஆல் வகுத்தால் 2.875. 28 எம்எம் அகல டயருக்கு மிதியின் ஒரு முழுச் சுற்றுக்கு ஆறு மீட்டருக்குக் கொஞ்சம் மேலேயே வண்டி போகும். நிமிஷத்துக்கு 70 சுற்று மிதித்தால் 25 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டுவீர்கள். காலியான ரோட்டில் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் வழியில் வண்டி நிற்கும், கிளம்பும், மறுபடி நிற்கும். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் முட்டிதான் அந்தப் பாரத்தைத் தாங்கும். மேம்பாலத்தில் முன்னால் போகிற பஸ் பாதி ஏற்றத்தில் நின்றுவிட்டால், நின்ற இடத்திலிருந்து 46/16ஐ மிதித்து ஏற வேண்டும்.

பின்னால் 18 போடுங்கள். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 5.5 மீட்டர், அதே 70 சுற்றுக்கு ஏறக்குறைய 23 கிலோமீட்டர் வேகம். டவுனுக்குள் அதற்கு மேல் வேகம் எங்கே எடுக்கப் போகிறீர்கள்? பையில் லேப்டாப், டிபன் என்று பாரம் இருந்தால் 20கூடப் போடலாம். சமதரையை வைத்து கியர் எடுக்காதீர்கள். தினமும் போகிற வழியில் எது ரொம்பக் கஷ்டமோ, மே மாத வெயிலில் அதை ஏறுவதாக நினைத்து எடுங்கள்.

ஃபிக்ஸியா என்று கேட்டால், இந்த வழிக்கு வேண்டாம் என்பேன். ஃப்ரீவீல், இரண்டு பிரேக், அவ்வளவுதான்.

ஒரே_கியர்_ஆற்காடு:
நான் ஃபிக்ஸிதான் ஓட்டுகிறேன், அதனால் அந்தப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். மிதியும் சக்கரமும் ஒன்றாகச் சுற்றுவதால் வண்டியின் வேகம் காலிலேயே தெரியும். ஆட்டோவுக்குப் பின்னால் ஊர்ந்து போகும்போது பிரேக்கைத் தொடாமல், மிதியைக் கொஞ்சம் எதிர்த்தாலே வேகம் இறங்கிவிடும். நடக்கிற வேகத்தில்கூட வண்டி ஆடாமல் நிற்கும். ஒரு முறை பழகிவிட்டால் வேறு சைக்கிளில் மனசு ஒட்டாது.

ஆனால் முன்பிரேக் இல்லாமல் ஒருநாளும் ரோட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். பிரேக்கே இல்லாத வண்டி வெலோட்ரோம் என்கிற சைக்கிள் பந்தயத் தளத்துக்கு உரியது. அங்கே எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள், குறுக்கே மாடு வராது. காலால் சக்கரத்தைப் பூட்டிச் சறுக்கி நிறுத்துவது பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அவசரத்துக்கு முன்பிரேக் நிறுத்துகிற தூரத்தில் அது நிறுத்தாது. டயரும் தேய்ந்துபோகும். அதிலும் ஒரு கணக்கு உண்டு. 46/16ஐச் சுருக்கினால் 23/8. கீழே வருகிற 8தான், ஒரே காலை முன்னால் வைத்துச் சறுக்கும்போது டயர் தேய்கிற இடங்களின் எண்ணிக்கை. 48/16 என்றால் 3/1, அதாவது எப்போதும் ஒரே இடத்தில் தேயும், டயர் சீக்கிரம் போய்விடும். 46/17 என்றால் 17 இடம்.

கால் மிதியை விட்டு வழுக்காமல் இருக்க ஸ்டிராப் கட்டாயம். இறக்கத்திலும் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதையும் யோசியுங்கள். சத்துவாச்சாரி அண்ணன் சொன்ன 46/18ஐ ஃபிக்ஸாகப் போட்டு 40 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால் நிமிஷத்துக்கு 120 சுற்றுக்கு மேல் மிதி சுற்றும். மேம்பாலம் வரைக்கும் சரி. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கு இந்த வண்டியை எடுத்துப் போகாதீர்கள்.

பாகாயம்_காலைநேரம்:
ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. நான் சுடிதாரில் ஓட்டுகிறவள். சாதா சைக்கிளில் துணி செயினில் மாட்டினால் மிதிப்பதை நிறுத்திவிட்டால் போதும். ஃபிக்ஸியில் சக்கரம் சுற்றுகிற வரை செயின் இழுத்துக்கொண்டே இருக்கும். துப்பட்டா, பேன்ட் கால், ஷூ லேஸ், பையின் வார் எல்லாவற்றுக்கும் இதே ஆபத்துதான். செயினைத் துடைக்கும்போது விரலும் அப்படித்தான் மாட்டும். உங்கள் வீட்டில் தங்கையோ மனைவியோ அந்த வண்டியை எடுப்பார்கள் என்றால் ஃப்ரீவீலும் செயின் கவரும் போட்டுவிடுங்கள், தம்பி.

அப்புறம், 700 டியூபில் பெரும்பாலும் பிரெஸ்டா என்கிற மெல்லிய வால்வு இருக்கும். ரோட்டோரப் பஞ்சர் கடைப் பம்ப் அதில் நேராக ஏறாது. சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்று, மாற்று டியூப் ஒன்று, 15 எம்எம் ஸ்பானர் ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும். பின்சக்கரம் நட்டு போட்டது என்றால் ஸ்பானர் இல்லாமல் டியூபை மாற்ற முடியாது.

சித்தூர்_ரோடு:
எல்லோருக்கும் நன்றி. ஃப்ரீவீல் பக்கம்தான் மனசு போகிறது. ஆனாலும் அப்பாவின் வண்டியை வெல்டிங் வைத்தால் செலவு ரொம்பக் குறைவு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டிப் பழக அதைச் செய்து வைக்கலாமா?

கோட்டை_ஸ்பானர்:
வேண்டாம் தம்பி. சைக்கிள் கடை வேலையிலேயே வளர்ந்தவன் சொல்கிறேன், தயவுசெய்து செய்யாதீர்கள்.

காரணம் மரையில் இருக்கிறது. ஃப்ரீவீல் ஹப்பில் வலது மரையில் ஏறுகிறது. முன்னால் மிதிக்க மிதிக்க இறுகும். சாதா ஓட்டத்தில் அது கழலவே வழியில்லை, ஏனென்றால் பின்னால் மிதித்தால் உள்ளே இருக்கிற கட்டை வழுக்கிக்கொள்ளும். வெல்டிங் வைத்துவிட்டால் அந்த வழுக்கல் போய்விடும். நீங்கள் வேகத்தைக் குறைக்க மிதியை எதிர்க்கிற ஒவ்வொரு முறையும் ஃப்ரீவீலைக் கழற்றுகிற திசையில்தான் பலம் போகும். நிறுத்த வேண்டிய நேரத்தில்தான் அது கழன்றுகொள்ளும். உண்மையான ஃபிக்ஸி ஹப்பில் பல்சக்கரத்துக்கு வெளியே கொஞ்சம் சின்ன விட்டத்தில் இன்னொரு மரை, இடது மரை, இருக்கும். அதில் லாக்ரிங் என்கிற பூட்டு வளையம் ஏறும். பல்சக்கரம் கழலப் பார்த்தால் லாக்ரிங் எதிர்த்திசையில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். அந்த இரண்டாவது மரைதான் உங்கள் உயிர்.

இன்னொன்று, அப்பா வண்டியில் ஸ்டீல் ரிம் இருந்தால் மழையில் பிரேக் கட்டை சரியாகப் பிடிக்காது. அது தெரிந்துதான் அந்தக் காலத்தில் மழை நாளில் மெதுவாக ஓட்டினோம். கிராங்கில் கோட்டர் பின் (மிதிக்கையை அச்சோடு பிடிக்கிற ஆப்பு) இருக்கிறதா என்றும் பாருங்கள். முன்னும் பின்னும் மாறி மாறி இழுக்கிற வேலைக்கு அது ஆகாது, ஆட்டம் கொடுக்கும். அந்த வண்டியை அப்படியே வையுங்கள். பால்ஸ் மாற்றி, கிரீஸ் வைத்து, கோட்டம் எடுத்தால் அது இப்போதே ஒரு நல்ல சிங்கிள் ஸ்பீடு. புதிதாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

மாணவர் வண்டியைப் பார்க்கப் போகும்போது பின்சக்கரத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஃபிக்ஸ் பக்கம் இரண்டு படியாக மரை இருக்கிறதா, லாக்ரிங் இருக்கிறதா பாருங்கள். பிறகு வண்டியைத் தூக்கி மிதியை மெதுவாகச் சுற்றி, செயின் எங்கே இறுகுகிறது, எங்கே தளர்கிறது என்று கவனியுங்கள். ரொம்ப இறுகும் இடத்திலும் விரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் ஆடணும். பின்சக்கர அச்சு உட்காரும் வெட்டு படுக்கையாக இருக்கணும். நேர்க்குத்தாக இருந்தால் சக்கரத்தைப் பின்னால் இழுத்துச் செயினை இறுக்க முடியாது.

சித்தூர்_ரோடு:
பார்த்துவிட்டு வந்தேன் அண்ணா. ஃபிரேம் நேராக இருக்கிறது, வெட்டு படுக்கைதான், செயின் நீங்கள் சொன்ன அளவுக்கு ஆடுகிறது. ஆனால் ஹப்பின் இரண்டு பக்கமும் ஒரே படி மரைதான். லாக்ரிங் கிடையாது. ஒரு பக்கம் 16 பல்சக்கரத்தை இறுக்கி, மேலே பசை போட்டு வைத்திருக்கிறார்கள். விற்பவருக்கே அது தெரியவில்லை. விட்டுவிடட்டுமா?

கோட்டை_ஸ்பானர்:
விட வேண்டாம், ஃபிரேம் நன்றாக இருந்தால் எடுங்கள். ஃபிக்ஸி விலை கொடுக்காதீர்கள், ஹப்பைக் காட்டி விலையைக் குறைத்துக் கேளுங்கள். அந்தப் பல்சக்கரத்தை வைத்து ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள், கழற்றிவிடுங்கள். அது ஃப்ரீவீல் ஏறுகிற அதே மரைதான், அதனால் நம் ஊர்க் கடைகளில் கிடைக்கிற 18 பல் ஃப்ரீவீலே ஏறும். செயின் அகலம் மட்டும் பொருந்துகிறதா என்று கையில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். ஏற்றத்துக்குப் போதவில்லை என்றால் பிறகு 20 மாற்றுவது பத்து நிமிஷ வேலை.

பிரேக்குக்கு, பின்சக்கரத்துக்கு மேலே இரண்டு குழாயையும் சேர்க்கிற குறுக்குக் கம்பியில் துளை இருக்கிறதா?

சித்தூர்_ரோடு:
இருக்கிறது அண்ணா. போட்டோவில் பெரிதாக்கிப் பார்த்தேன், துளை தெளிவாகத் தெரிகிறது.

கோட்டை_ஸ்பானர்:
அப்படியென்றால் கவலை இல்லை. ஃப்ரீவீலுக்கு மாறின பிறகு காலால் வேகத்தைக் குறைக்க முடியாது. அதனால் பின்பிரேக் போட்ட பிறகுதான் மேம்பாலம் இறங்க வேண்டும். காலிப்பர், அதாவது கட்டையை ரிம்மில் அழுத்துகிற பிரேக் கை, வாங்கும் முன் அந்தத் துளையின் நடுவிலிருந்து ரிம்மில் பிரேக் கட்டை உட்கார வேண்டிய இடம் வரை ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். 39 முதல் 49 எம்எம்முக்குள் வந்தால் ரோடு பைக்குக்கு வருகிற குட்டைக் கை காலிப்பர் போதும். 57 வரை போனால் நீளக் கை கேளுங்கள். அளக்காமல் வாங்கினால் கட்டை டயரில் உரசும். லிவர், கேபிள், அவுட்டர் மூன்றையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.