மறு: கன்வர்ட்டருக்கு எந்தச் சொல்? "மாற்றி" வேண்டாம்

அனைவருக்கும் வணக்கம்.

மொரீஷியஸில் நம் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கான மைப்பேனாக் கையேட்டில் மற்ற பக்கங்கள் ஓரளவு முடிந்துவிட்டன. "மை நிரப்புதல்" பக்கம் மட்டும் கன்வர்ட்டர் (புட்டி மையை இழுக்கப் பேனாவுக்குள் கழற்றி மாட்டும் திருகு குழல்) என்ற சொல்லில் முட்டிக்கொண்டு நிற்கிறது. நம் மடற்குழுவில் இதற்கு இதுவரை வந்த சொற்கள்: மாற்றி, மையுறிஞ்சி, உறிஞ்சுகுழல், மை இறைப்பி. மை நிரப்பியே விற்கும் கார்ட்ரிட்ஜுக்கு மைக்குழல், மைத்தோட்டா. வேர் தமிழா, புணர்ச்சி சரியா என்றெல்லாம் பேசித் தீர்த்தாயிற்று. நான் வேறு வழியில் போனேன். கையேட்டின் பழுதுநீக்கும் பத்தியில் ஒவ்வொரு சொல்லையும் உட்கார வைத்து எழுதிப் பார்த்தேன். வீட்டில் கிரியோல், பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும், அதற்கு அப்புறம்தான் தமிழ் என்று வளரும் பிள்ளை, விரலெல்லாம் மையோடு நின்றுகொண்டு அந்த வாக்கியத்தைப் படிக்கப் போகிறது. அதற்குப் புரியாத சொல் எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை.

> கன்வர்ட்டர் என்றால் மாற்றி. மின்மாற்றி என்று ஏற்கெனவே இருக்கிறது, அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

வாக்வா ஐயா, மின்மாற்றி மின்னழுத்தத்தை மாற்றுகிறது. இங்கே மை மாறவில்லை, நிப்பும் மாறவில்லை. பிரான்சில் ஜிஃப்-வாட்டர்மேன் 1930களில் கண்ணாடியில் மைக் கார்ட்ரிட்ஜ் செய்தது. 1953இல் வாட்டர்மேன் பிளாஸ்டிக் கார்ட்ரிட்ஜோடு ஒரு பேனாவைக் கொண்டுவந்தது. கார்ட்ரிட்ஜ் பேனாவை வாங்கிவிட்டு, "எனக்குப் புட்டி மைதான் வேண்டும்" என்றவர்களுக்காக வந்த துணைப்பொருள் கன்வர்ட்டர். பேனாவின் வகையை மாற்றுவதால் அந்தப் பெயர். அது கடைக்காரர் பார்வையில் வைத்த பெயர். இன்று பிள்ளைகள் வாங்கும் சீன ஜின்ஹாவ் பேனாக்களில் பெரும்பாலும் அது முதலிலேயே உள்ளே மாட்டித்தான் வருகிறது. எதை எதுவாக மாற்றுவது?

அதைவிடப் பெரிய சிக்கல் வாக்கியத்தில் வருகிறது. "பழைய மாற்றி கெட்டுவிட்டால் புதிய மாற்றி மாட்டவும்." இதை வேகமாகப் படித்துப் பாருங்கள். "மாற்றி" பெயரா, வினையெச்சமா? "மாற்றியை மாற்றி மாட்டு" என்று எழுத நேர்ந்தால் சிரிப்புத்தான் வரும்.

"மை இறைப்பி" என்ற சொல்லை ரோஸ்ஹில் தம்பி கிணற்றிலிருந்து எடுத்திருக்கிறார். நல்ல இடம்தான். ஆனால் இறைப்பதற்கு வாரித் தெளிப்பது என்றும் பொருள் உண்டு. விரல் பிடிக்கும் கழுத்தில் விரிசல் விட்டு, சட்டைப் பையைக் கறையாக்கும் பேனாவைத்தான் நான் மை இறைப்பி என்பேன்.

மையுறிஞ்சியை ஒப்புக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஈர எழுத்தின்மேல் வைத்து ஒற்றும் தாளைத்தான் அந்தச் சொல் நினைவூட்டுகிறது. கையேட்டின் அடுத்த பக்கத்திலேயே மையொற்றுத் தாள் வருகிறது, இரண்டும் குழம்பும். உறிஞ்சுகுழல் என்பது குளிர்பானத்தில் போடும் குழல். அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு யாராவது ஒரு பையன் பேனாவை வாயில் வைத்து உறிஞ்சினால் அவன் அம்மாவிடம் நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

மைத்தோட்டா பற்றி ஒரு வரி. பிரெஞ்சில் துப்பாக்கித் தோட்டாவுக்கும் கார்த்தூஷ்தான், பேனாவில் போடுவதற்கும் கார்த்தூஷ்தான் என்பது உண்மை. ஆனால் "நாளை வகுப்புக்கு ஆளுக்கு இரண்டு தோட்டா கொண்டு வாருங்கள்" என்று நான் அறிவிக்க மாட்டேன்.

சரி, பத்திக்கு வருகிறேன். மலிவுப் பேனாவில் பிள்ளைகள் சொல்லும் குறை இரண்டுதான். "மை இழுக்க மாட்டேன் என்கிறது." "மை இருக்கிறது, ஆனால் எழுத மாட்டேன் என்கிறது." இவை வேறு வேறு நோய். வெளியே பார்த்தால் ஒன்றுபோல் இருக்கும்.

மை இழுக்காத பேனாவில் முதலில் செய்ய வேண்டியது, கன்வர்ட்டரைக் கழற்றித் தனியாக அதன் வாயை மைப்புட்டியில் முக்கித் திருகுவது. அப்போது மை ஏறினால் கன்வர்ட்டர் நலமாக இருக்கிறது. கோளாறு கழுத்துப் பகுதியில், அல்லது நிப்புக்கு அடியில் உள்ள பள்ளம் வெட்டிய கறுப்புக் கட்டையில். ஏறாவிட்டால் உள்ளே ஓடும் தண்டின் முனையில் உள்ள அடைப்பு தேய்ந்திருக்கிறது, அல்லது காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. துளியளவு சிலிக்கன் கிரீஸ் தடவினால் பல சமயம் சரியாகிவிடும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது மையோடு கலந்து ஓட்டத்தைக் கெடுக்கும்.

தனியாக இழுக்கிறது, பேனாவில் மாட்டினால் இழுக்கவில்லை என்றால் இரண்டு காரணம் பார்க்கிறேன். நிப்பை நுனி மட்டும் நனையும்படி வைத்திருப்பார்கள். நிப்பின் நடுவில் உள்ள மூச்சுத்துளை மூழ்கி, கழுத்தின் விளிம்பு மையைத் தொடும் வரை இறக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்றுத்தான் ஏறும். அடுத்தது, வாய் அளவு பொருந்தாதது. சீனப் பேனாக்களில் 2.6 மி.மீ. வாய் ஒன்று, 3.4 மி.மீ. வாய் ஒன்று என இரண்டு வகை உண்டு. பெரிய வாயைச் சிறிய முனையில் செருகினால் ஓரமாகக் காற்று உள்ளே போகும், பீப்பாய்க்குள் மையும் கசியும். பைலட், பிளாட்டினம் பேனாக்களுக்கு அந்தந்த நிறுவனத்தின் அளவு தனி. பிளாட்டினத்தின் பிரெப்பி பேனாவில் ஜின்ஹாவ் கன்வர்ட்டரைத் திணிக்கப் பார்ப்பது வீண் வேலை.

இரண்டாவது நோய்க்கு வருவோம். மை நிரம்பியிருக்கும், ஒரு பத்தி எழுதியதும் எழுத்து மெலிந்து நின்றுவிடும். திறந்து பார்த்தால் மை முழுவதும் கன்வர்ட்டரின் பின்பக்கம் தண்டோடு ஒட்டிக்கொண்டு, வாய்ப்பக்கம் காலியாகக் கிடக்கும். குழல் குறுகலாக இருப்பதால் மையின் பரப்பு இழுவிசை அதைக் கீழே இறங்க விடுவதில்லை. பைலட்டின் கான்-40 வகையில் இதற்காகவே உள்ளே சின்னச் சின்ன எஃகு மணிகள் போட்டிருக்கிறார்கள். பேனாவை அசைத்தால் மணி உருண்டு மையை இறக்கிவிடும். நம் மலிவுக் கன்வர்ட்டரிலும் துருப்பிடிக்காத எஃகில் சின்ன மணி ஒன்றைப் போட்டால் போதும். புதுப் பேனாவாக இருந்தால் அதற்கும் முன்னால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு, இழுத்துத் தள்ளி இழுத்துத் தள்ளிக் கழுவ வேண்டும். தொழிற்சாலை எண்ணெய்ப் பசை போகும். கொதிநீர் கூடாது, பிளாஸ்டிக் வளைந்துவிடும். படம் வரையும் இந்தியன் இங்க் எந்தக் காலத்திலும் கூடாது. அதில் உள்ள அரக்கு கட்டையின் பள்ளங்களில் காய்ந்தால் பேனா போனதுதான்.

இவ்வளவையும் எழுதியபோது கை தானாக எழுதிய வினை ஒன்றே ஒன்று: இழு. பிள்ளைகள் சொல்வதும் அதைத்தான், "சார், இழுக்கல" என்று. எனவே என் முன்மொழிவு: கன்வர்ட்டர் = இழுகுழல். அதற்கு ஜோடியாக, மை நிரப்பியே வரும் கார்ட்ரிட்ஜ் = நிறைகுழல். இரண்டிலும் குழல் இருப்பதால் இரண்டும் பேனாவில் ஒரே இடத்தில் செருகப்படுபவை என்பது சொல்லிலேயே தெரியும். இழுவிசை, ஊறுகாய் போல வினைத்தொகை, புதிதாக எதையும் வளைக்கவில்லை.

கருத்துச் சொல்லுங்கள். வியாழக்குள் முடித்தால் அச்சுக்குக் கொடுக்கலாம்.

கத்ர் போர்னிலிருந்து

*

வணக்கம் தம்பி.

பழுதுநீக்கும் பத்தி அருமை. அதில் கை வைக்க வேண்டாம். சொல்லில் மட்டும் எனக்குச் சண்டை உண்டு.

இழுகுழலில் ழகரம் இரண்டு முறை வருகிறது. என் வகுப்பில் ஒரு ழகரத்தை வாங்கவே அரை மணி நேரம் ஆகும். கிரியோல் பேசும் நாக்குக்கு அது அவ்வளவு கடினம். "இலுகுலல்" என்று கூட்டமாகச் சொல்லப் போகிறார்கள், அதைத் திருத்துவதற்குள் மை காய்ந்துவிடும். பேனாவைப் பழுது பார்க்கும் வகுப்பு உச்சரிப்பு வகுப்பாகிவிடக் கூடாது.

அடுத்தது, குழல். உங்களுக்குக் குழாய், புல்லாங்குழல். கொஞ்சம் செய்யுள் படித்த பிள்ளைக்குக் குழல் என்றால் கூந்தலும்தான். மைக்குழல் என்று முன்பு ஒருவர் எழுதியதைப் படித்ததும் எனக்குக் கருங்கூந்தல் பெண்தான் கண்முன் வந்தாள். இழுகுழல் என்றால் யார் யார் பின்னலை இழுக்கிறார்களோ!

நிறைகுழல் இன்னும் மோசம். காலியான கார்ட்ரிட்ஜை எறியாமல் ஊசி போட்டு மறுபடி நிரப்பச் சொல்லி ஆறாம் பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். "காலியான நிறைகுழலை எடுத்துக்கொள்" என்று எழுதுவீர்களா?

என் யோசனை சின்னது. வினையை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், வாலை மாற்றுங்கள்: இழுப்பான். பென்சில் டப்பாவில் இருப்பதை வீட்டில் "கோம்" என்று சொன்னாலும், அழிப்பான் என்ற சொல் எங்கள் பிள்ளைகளுக்குச் சின்ன வகுப்பிலேயே வந்துவிடுகிறது. அழிப்பது அழிப்பான் என்றால் இழுப்பது இழுப்பான், விளக்கமே தேவையில்லை. ழகரம் ஒன்றுதான், அதுவும் அழிப்பானில் ஏற்கெனவே பழகியது. தனித்து வரும்போது மையிழுப்பான், பேனாப் பேச்சுக்குள் வெறும் இழுப்பான்.

க்யூர்பிப் அக்கா

பி.கு. எங்கள் ஊர் ஈரத்தைப் பற்றி ஒரு வரி சேருங்கள். பேனாவில் மிஞ்சிய மையைப் புட்டியில் திரும்ப ஊற்றினால் பூசணம் பிடிக்கும். புட்டியில் வெள்ளையாக ஏதாவது மிதந்தால் மொத்தத்தையும் கொட்டிவிட வேண்டும்.

*

அன்பர்களே,

இழுப்பான் என்றதும் எனக்கு மூச்சிழுப்புத்தான் ஞாபகம் வந்தது, வயசு அப்படி. இருந்தாலும் எதிர்க்கவில்லை. மாற்றியை விடச் சொன்ன காரணம் நியாயமானது.

ஒரு நிபந்தனை மட்டும். ஹீரோ 616 என்ற சீனப் பேனாவில் இருக்கும் ரப்பர் பைக்கும் இதே பெயரை வைக்காதீர்கள். அது பேனாவோடு நிலையாக இருப்பது, கழற்றி மாட்டுவதல்ல. திருகுவதும் இல்லை. உலோக உறையின் பக்கத்தை அமுக்கி விட வேண்டும், விட்டபின் குமிழி அடங்கும் வரை நிப்பை மைக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும், அப்புறம்தான் அடுத்த அமுக்கு. நாலைந்து முறை அமுக்கினால்தான் நிறையும். ஒரே அமுக்கில் வெளியே எடுத்துவிட்டு, "இந்தப் பேனா மை குடிக்காது" என்று குறை சொல்பவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். கழற்றுகிறேன் என்று அந்த உறையைப் பிடித்து இழுத்தால் உள்ளே இருக்கும் மெல்லிய காற்றுக்குழாய் வளைந்துவிடும். இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் பிள்ளைகள் அதையும் பிடுங்கிப் பார்ப்பார்கள்.

வாக்வாவிலிருந்து

*

ஐயா, அக்கா, இருவருக்கும் நன்றி.

ஹீரோவின் பை கையேட்டில் "அமுக்குப் பை" என்றே இருக்கும், "கழற்றக் கூடாது" என்று தடித்த எழுத்தில் போட்டுவிடுகிறேன். கன்வர்ட்டர் இழுப்பான் ஆயிற்று. குழல் என்ற ஜோடி போனதில் எனக்கு வருத்தம்தான், ஆனால் காலியான நிறைகுழலை என்னால் காப்பாற்ற முடியவில்லை. கார்ட்ரிட்ஜுக்கு இப்போதைக்குப் புதுச் சொல் வேண்டாம். பிள்ளைகள் கடையில் கேட்பது கார்த்தூஷ், கையேட்டிலும் கார்த்தூஷ் என்றே இருக்கட்டும். அடுத்த பதிப்பில் சண்டை போடலாம்.

அச்சுக்குப் போகும் வடிவம்:

"பேனா மை இழுக்கவில்லையா? இழுப்பானைக் கழற்றி, அதை மட்டும் மையில் முக்கித் திருகிப் பார். மை ஏறினால் இழுப்பான் நலம், கழுத்தையும் கட்டையையும் கழுவு. ஏறாவிட்டால் இழுப்பானுக்குள் ஓடும் தண்டைப் பார். புது இழுப்பான் வாங்கும் முன் வாய் அளவைக் கேள்: 2.6ஆ, 3.4ஆ? மிஞ்சிய மையைப் புட்டியில் ஊற்றாதே."

வேறு திருத்தம் இருந்தால் வியாழன் மாலைக்குள் எழுதுங்கள்.