எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வின் மதிப்பெண் வருவதற்கு முன்பே விண்ணப்பத்தை அனுப்பலாமா?

வணக்கம். அமெரிக்காவில் மருத்துவம் படிக்க என் தங்கை இந்த ஆண்டு ஆம்காஸ் (பல மருத்துவக் கல்லூரிகளுக்கும் ஒரே விண்ணப்பத்தை அனுப்பும் பொதுச் சேவை) வழியாக விண்ணப்பிக்கிறாள். அனுபவப்பட்டவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

மே கடைசியில் எம்கேட் எழுதுகிறாள். மதிப்பெண் வர ஒரு மாதம் போல ஆகும். பெரும்பாலான கல்லூரிகள் விண்ணப்பம் வர வரப் பார்த்து நேர்காணலுக்கு அழைப்பதால், ஜூன் தொடக்கத்திலேயே அனுப்பிவிட நினைக்கிறோம். எம்கேட் மதிப்பெண்ணும் பரிந்துரைக் கடிதங்களும் வராமலே பட்டப்படிப்பு மதிப்பெண்களைச் சரிபார்த்துவிடுவார்கள். அதற்கே சில வாரங்கள் பிடிக்கும். முதலில் ஒரே ஒரு கல்லூரியை மட்டும் போட்டு அனுப்பிவிட்டு, எம்கேட் முடிவைப் பார்த்து மற்றவற்றைச் சேர்க்கலாமா? அப்படிச் செய்தவர்கள் இருக்கிறீர்களா?

அப்புறம், ஏன் மருத்துவம் படிக்க விரும்புகிறாள் என்று விண்ணப்பத்தோடு எழுத வேண்டிய கட்டுரை. இடைவெளியும் சேர்த்து 5,300 எழுத்துதான் அனுமதி. அவள் எழுதியது 7,000 தாண்டுகிறது. முதியோர் இல்லத்தில் ஒரு பாட்டிக்கு இரண்டு வருடம் சாப்பாடு ஊட்டிய பகுதிதான் அதன் உயிர். ஆய்வக வேலையை வெட்டச் சொன்னேன், அவளுக்கு மனசு வரவில்லை. ஆய்வக வேலையை விண்ணப்பத்தின் செயல்பாடுகள் பகுதியில், 700 எழுத்துக்குள் சொன்னால் போதாதா?

கடிதம் தருவதாகச் சொன்ன பேராசிரியர் மூன்று வாரமாகப் பதில் போடவில்லை. உறுத்தாமல் எப்படி நினைவூட்டுவது?

யாராவது கட்டுரையை ஒருமுறை வாசித்துச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.