எடைக்கருவி அசையவில்லை, சுடிதார் தளர்ந்துவிட்டது: எதை நம்புவது?

மலைக்கோட்டைவாசி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 43, உயரம் 156 சென்டிமீட்டர். திருச்சியில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். ஐந்து மாதங்களாக, வாரத்தில் நான்கு நாள் காலை ஐந்தரை மணிக்கு எங்கள் தெருவில் உள்ள மகளிர் உடற்பயிற்சிக் கூடத்துக்குச் சென்று, பஸ்கி, டம்பெல், சுவரில் கை ஊன்றிச் செய்யும் தண்டால் என்று பயிற்சியாளர் சொல்வதையெல்லாம் ஒழுங்காகச் செய்து வருகிறேன். தொடங்கிய அன்று என் எடை 68.4 கிலோ; நேற்றுக் காலை 67.9 கிலோ. ஐந்து மாத உழைப்புக்கு அரைக் கிலோதான் பலன் என்பதை வீட்டில் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

ஆனால் தீபாவளிக்குத் தைத்த சுடிதார் இடுப்பில் தொளதொளவென்று நிற்கிறது. உடன் பணிபுரிபவர்கள் "இளைத்துவிட்டீர்களே டீச்சர்" என்று வாய்விட்டே சொல்கிறார்கள். விடைத்தாள் கட்டைச் சுமந்துகொண்டு மூன்றாம் மாடி ஏறினாலும் முன்போல மூச்சு வாங்குவதில்லை.

இதற்கு நேர்மாறாக, என் நாத்தனார் எந்தப் பயிற்சியும் செய்யாமல் இரவு உணவை மட்டும் நிறுத்தி, மூன்று மாதத்தில் ஏழு கிலோ குறைந்திருக்கிறார். அவருடைய கன்னம் ஒட்டிப்போய்விட்டது, கழுத்தெலும்பு தெரிகிறது. வயிறு மட்டும் அப்படியே இருக்கிறது. குடும்ப விழாக்களில் அவரைத்தான் எல்லாரும் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். கருவி சொல்வது உண்மையா, துணி சொல்வது உண்மையா? நானும் இரவு உணவை நிறுத்திவிடலாமா?

தண்டால்காரன் பதில்:

வணக்கம் சகோதரி. பதினான்கு ஆண்டுகளாகப் பயிற்சியாளராக இருக்கிறேன். இந்தக் கேள்வியோடு வருபவர்களில் பாதிப் பேர் நான்காவது, ஐந்தாவது மாதத்தில் மனம் தளர்ந்து நின்றுவிடுகிறார்கள் என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எடைக்கருவி உங்கள் எலும்பு, தசை, கொழுப்பு, இரத்தம், குடலில் இருக்கும் நேற்றைய சாப்பாடு, குடித்த தண்ணீர் எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்கிறது. அந்தக் கூட்டுத்தொகைக்குள் எது ஏறியது, எது இறங்கியது என்று அதற்குத் தெரியாது. மூன்று கிலோ கொழுப்பு போய், இரண்டரைக் கிலோ தசையும் அதற்குள் தங்கும் நீரும் சேர்ந்திருந்தாலும் கருவி அரைக் கிலோ குறைந்ததாகத்தான் காட்டும்.

இனி, அளவு எப்படிக் குறைகிறது என்பதற்கு வருகிறேன். ஒரு கிலோ கொழுப்பு ஏறத்தாழ 1.1 லிட்டர் இடத்தைப் பிடிக்கும். ஒரு கிலோ தசைக்கு 0.94 லிட்டர் போதும். மேலே சொன்ன கணக்கில் எடை அரைக் கிலோ குறைந்தாலும், உடலின் பருமனில் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் குறைந்திருக்கும். தண்ணீர் பாட்டில் ஒன்றை இடுப்பிலிருந்து அவிழ்த்து வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். அதே நேரத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மஞ்சள் நிறத்தில் மலைபோல ஒரு கொழுப்புக் கட்டியும் பக்கத்தில் கையளவுத் தசையும் வைத்து, "இரண்டும் ஒரே எடை" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் படம் மிகைப்படுத்தப்பட்டது. உண்மையான வித்தியாசம் இருபது விழுக்காட்டுக்கும் குறைவு. துணி தளர்வதற்குப் பெரிய காரணம், கொழுப்பு வயிற்றைச் சுற்றிக் கரைவதும், தசை தொடை, முதுகு, தோள் என்று பரவலாகச் சேர்வதும்தான். அதனால் இடுப்பு குறைந்தாலும் கை, தொடைச் சுற்றளவு அப்படியே இருக்கலாம். அதைக் கண்டு கலங்க வேண்டாம்.

நாத்தனாரின் ஏழு கிலோவையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மாவுச்சத்தை உடல் கிளைக்கோஜன் என்ற வடிவில் கல்லீரலில் நூறு கிராம் அளவுக்கும், தசைகளில் நானூறு கிராம் அளவுக்கும் சேமிக்கிறது. ஒவ்வொரு கிராமோடும் மூன்று கிராம் அளவுக்கு நீர் ஒட்டிக்கொண்டிருக்கும். சாப்பாட்டைச் சட்டென்று குறைத்தவுடன் இந்தச் சேமிப்பும் நீரும் கரைவதால், முதல் வாரத்திலேயே ஒன்றரை கிலோ வரை இறங்கிவிடும். ஊர்த் திருவிழாவில் இரண்டு நாள் நன்றாகச் சாப்பிட்டால் அது அப்படியே திரும்பி வரும். மீதியிலும் எல்லாம் கொழுப்பு என்று சொல்ல முடியாது. பயிற்சி இல்லாமல், புரதமும் குறைவாகச் சாப்பிட்டு எடை குறைப்பவர்களுக்குக் குறைந்த எடையில் ஏறத்தாழக் கால் பங்கு தசை முதலியவற்றிலிருந்து போவது வழக்கம். நீங்கள் சொன்ன ஒட்டிய கன்னமும் குறையாத வயிறும் அந்தக் கணக்கோடு பொருந்துகின்றன.

ஆகவே இரவு உணவை நிறுத்தாதீர்கள். அதன் அளவையும் சேர்மானத்தையும் மாற்றுங்கள். நான்கு இட்லி சாப்பிடும் இடத்தில் இரண்டு இட்லியும், கெட்டியான சாம்பாரும், ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ போதும். எடை பார்ப்பதாக இருந்தால் காலையில் எழுந்து கழிவறை சென்று வந்தபின், தண்ணீர்கூடக் குடிக்காமல், சமதளத் தரையில் கருவியை வைத்துப் பாருங்கள். பழைய மொசைக் தரையின் மேடு பள்ளத்தில் கருவி ஆடினால் எண்ணும் ஆடும். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் நீர் தங்கி, ஒன்று முதல் இரண்டு கிலோ வரை கூடிக் காட்டுவதும் உண்டு. புதிய பயிற்சியால் தொடை வலித்துக்கொண்டிருக்கும் நாட்களிலும் அப்படித்தான்.

பாதிச்சோறு பதில்:

மேலே உள்ள நண்பர் சொன்னவற்றோடு என் அனுபவத்தையும் சேர்க்கிறேன், ஏனென்றால் நான் இந்தக் கதையின் மறுபக்கம். என் வயது 52, உயரம் 168 சென்டிமீட்டர், எடை நெடுங்காலமாக 61 கிலோவாகவே இருந்தது. வாழ்நாள் முழுவதும் என்னை ஒல்லி என்றே அழைத்தார்கள். சட்டையை வெளியே விட்டுக்கொண்டால் தெரியாது; உள்ளே விட்டால் பெல்ட்டுக்கு மேல் சிறிய குடம் கவிழ்த்ததுபோல ஒரு தொந்தி. நான்கு ஆண்டுகளுக்கு முன் அலுவலக மருத்துவப் பரிசோதனையில் சர்க்கரை நோய் என்று எழுதிக் கொடுத்தபோது, அறிக்கை ஆள் மாறி வந்துவிட்டது என்று நான் ஆய்வகத்தில் போய்ச் சண்டை போட்டேன். அறிக்கை சரியாகத்தான் இருந்தது.

பிறகு இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்ததில் ஒன்று மனத்தில் தைத்தது. புனேயைச் சேர்ந்த நீரிழிவு ஆய்வாளர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் இலண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கினும் 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் இருவரின் புகைப்படத்தையே வெளியிட்டார்கள். இருவருக்கும் உடல் நிறை குறியீட்டெண் (பி.எம்.ஐ., அதாவது எடையை உயரத்தோடு ஒப்பிடும் எண்) 22.3. யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாக்னிக்குக்கு 21.2 விழுக்காடு. யுட்கின் மாரத்தான் ஓடுபவர். யாக்னிக் தம்முடைய முக்கிய உடற்பயிற்சி, ஆய்வு மையத்தில் மூடப்போகும் லிஃப்ட்டைப் பிடிக்க ஓடுவதுதான் என்று தம்மையே கேலி செய்திருந்தார். ஒரே எண்ணுக்குள் இரண்டு வேறு உடல்கள். அதே யாக்னிக்கின் குழு, புனே அருகே கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டபோது, சராசரிப் பிறப்பு எடை இங்கே 2.7 கிலோவும் அங்கே 3.5 கிலோவுமாக இருந்தும், முதுகுத் தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு மட்டும் நம் குழந்தைகளுக்கு அந்த விகிதத்தில் குறையவில்லை என்று கண்டது. ஒல்லியும் கொழுப்பும் சேர்ந்த உடல்வாகு தொட்டிலிலேயே தொடங்கிவிடுகிறது போலும்.

இப்போது என் எடை 62.5 கிலோ, அதாவது முன்பைவிட ஒன்றரைக் கிலோ கூடுதல். இடுப்போ 92 சென்டிமீட்டரிலிருந்து 86-க்கு வந்திருக்கிறது. மருத்துவர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்திருக்கிறார். பழைய 61 கிலோவைப் பார்த்து "ஒன்றும் இல்லை" என்று இருந்த நாட்களை நினைத்தால் இன்றும் எரிச்சலாக இருக்கிறது.

கணக்குப்பிள்ளை பதில்:

எல்லாரும் எடைக்கருவியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதால், அதன் சார்பில் இரண்டு வார்த்தை. 156 சென்டிமீட்டர் உயரத்துக்கு 67.9 கிலோ என்றால் குறியீட்டெண் ஏறத்தாழ 27.9. இந்தியர்களுக்கு 23-க்கு மேல் கூடுதல் எடை, 25-க்கு மேல் உடற்பருமன் என்று நம் மருத்துவர்கள் வகுத்திருக்கிறார்கள். ஐந்து மாதத்தில் இத்தனையையும் தசை என்று சொல்லிவிட முடியாது. தசையால் எடை கூடி, அட்டவணையில் தவறாகக் குண்டர்களாக எண்ணப்பட்டவர்கள் உண்டுதான். 1942-இல் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஆல்பர்ட் பென்கி, இராணுவ எடை வரம்பைத் தாண்டியிருந்த தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து வீரர்களைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி எடைபோட்டு, அவர்களில் பலருக்குக் கொழுப்பு மிகக் குறைவு என்று காட்டினார். ஆனால் நாம் யாரும் அந்த வீரர்கள் இல்லை. முழங்கால் மூட்டுக்கு அது சுமப்பது தசையா கொழுப்பா என்ற பேதமும் தெரியாது.

கண்ணாடியும் துணியும்கூடப் பொய் சொல்லும். துணி துவைக்கத் துவைக்கத் தளரும். நிமிர்ந்து நிற்கப் பழகினாலே வயிறு உள்ளே போனதுபோலத் தெரியும். டேப்பை எடுத்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் வைத்து, மூச்சை இயல்பாக விட்டபின் அளந்து பாருங்கள். நம் நாட்டில் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90 என்பது எல்லை. தொடக்க அளவை எடுத்து வைக்காததுதான் நீங்கள் செய்த தவறு என்று நினைக்கிறேன்.

மலைக்கோட்டைவாசி:

பதில் எழுதிய மூவருக்கும் நன்றி. கணக்குப்பிள்ளை ஐயா சொன்னதைப் படித்தபோது முதலில் கோபம்தான் வந்தது, ஆனால் அவர் கேட்ட தொடக்க அளவு வேறு ஓர் இடத்தில் இருக்கிறது என்பது இரவு படுத்தபிறகு நினைவுக்கு வந்தது. எங்கள் தையல்காரர் பத்தாண்டுகளாக ஒரே நோட்டில் எல்லாருடைய அளவையும் எழுதி வைப்பவர். சனிக்கிழமை மாலை போய்க் கேட்டேன். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டி, தீபாவளிக்கு எடுத்த அளவைக் காட்டினார்: இடுப்பு 37 அங்குலம், சீட் (பின்புறச் சுற்று) 42, கைச்சுற்று 13. அதே டேப்பால், அதே இடத்தில் மறுபடி அளக்கச் சொன்னேன். இடுப்பு 35, சீட் 41, கை அதே 13. கை குறையவில்லையே என்று நான் பார்ப்பதற்குள், அவரே புஜத்தை விரலால் அழுத்திவிட்டு, "போன தடவை டேப் அமுங்கியதம்மா, இந்தத் தடவை அமுங்கவில்லை" என்றார்.

வீட்டுக்கு வந்து ஐயா சொன்ன இடத்தில் நானே அளந்தேன், 89 சென்டிமீட்டர். எல்லைக்கு இன்னும் ஒன்பது இருக்கிறது. இரவு உணவை நிறுத்தவில்லை, இட்லியை இரண்டாக்கிவிட்டேன். நாத்தனாரிடம் இதையெல்லாம் சொல்லலாமா என்று ஒரு தயக்கம். அவரே நேற்று தொலைபேசியில், அந்தக் கூடத்தில் மாதக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டார்.

தண்டால்காரன்:

அவரையும் அழைத்துச் செல்லுங்கள், முதல் நாளே அளவை எடுத்து எழுதி வையுங்கள். தையல்காரரின் நோட்டிலேயே எழுதச் சொன்னாலும் நல்லதுதான். எங்கள் கூடத்துப் பதிவேடு இரண்டு முறை தொலைந்துபோயிருக்கிறது.