ஹைப்பர்தைமீசியா: ‘மீநினைவாற்றல்’ சரியா, ‘நாள்மறவாமை’ சரியா?

வணக்கம் ஐயா, நண்பர்களுக்கும் வணக்கம்.

தான் வாழ்ந்த நாட்களை ஒருவர் மறக்கவே முடியாமல் இருக்கும் நிலைதான் ஹைப்பர்தைமீசியா. அதற்குத் தமிழ்ச்சொல்லாகக் கொடைக்கானல் ஐயா நேற்று சொன்ன ‘மீநினைவாற்றல்’ பற்றி இரவு வெகுநேரம் யோசித்தேன். ஓசை நன்றாக இருக்கிறது. ஆனால் பொருள் வேறு பக்கம் போய்விடுகிறது என்று எனக்குப் படுகிறது.

இழைக்குப் புதிதாக வந்தவர்களுக்காக: கோத்தகிரியில் எங்கள் வாசகர் வட்டத்துக்கு டேவிட் பால்டாச்சியின் ஏமஸ் டெக்கர் துப்பறியும் நாவல்களைப் பற்றி ஓர் அறிமுகம் எழுதிக்கொண்டிருக்கிறேன். 2015இல் தொடங்கிய வரிசை. டெக்கர் அமெரிக்கக் கால்பந்து ஆடியவர். தொழில்முறை ஆட்டத்தில் இறங்கியதுமே எதிராளி வந்து மோதியதில் தலையில் பலத்த அடி. பிழைத்து எழுந்தவருக்கு அதன்பின் எதுவுமே மறப்பதில்லை. காவல்துறையில் துப்பறிவாளர் ஆகிறார். ஒருநாள் வீடு திரும்பினால் மனைவி, மகள், மைத்துனர் மூவரும் கொலையுண்டு கிடக்கிறார்கள். துக்கம் நடந்த வீட்டில் ‘நாள் ஆக ஆக ஆறும்’ என்று நாம் ஆறுதல் சொல்வோம். டெக்கருக்கு அது ஆறாது. பல ஆண்டு கழித்தும் அந்த வாசற்படியில் அதே இரவில் நிற்கிறார். ‘நன்றல்லது அன்றே மறப்பது நன்று’ என்றார் வள்ளுவர். அந்த வழிதான் இந்த மனிதருக்கு அடைத்துக் கிடக்கிறது. இந்த நிலைக்குப் போய் ‘ஆற்றல்’ என்று முடியும் ஒரு பெயரை வைக்க எனக்குக் கை வரவில்லை.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். ‘நினைவாற்றல்’ என்றதும் தமிழ் வாசகருக்கு நினைவுக்கு வருபவர்கள் அவதானிகள். 1907இல் சென்னை விக்டோரியா பொது மண்டபத்தில் செய்குத்தம்பிப் பாவலர் சதாவதானம் செய்து காட்டினார். அது பயின்று பெற்ற திறம். ஒரே நேரத்தில் பலவற்றில் கவனத்தை நிறுத்துவதால்தான் அதற்குக் ‘கவனகம்’ என்ற நல்ல பெயரும் அமைந்தது. ஹைப்பர்தைமீசியா அப்படியில்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் ஜேம்ஸ் மெக்கா குழுவினர் ‘ஏ.ஜே.’ என்ற பெண்ணை ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட கட்டுரையில்தான் இந்தப் பெயரே பிறந்தது. 1980 முதல் 2003 வரை 24 ஆண்டுகளின் ஈஸ்டர் எந்தெந்தத் தேதியில் வந்தது என்று முன்னறிவிப்பு இல்லாமல் கேட்டார்கள். 10 நிமிடத்தில் எழுதிக் கொடுத்தார். ஒன்றில் மட்டும் இரண்டு நாள் பிசகு. ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் அன்று தான் என்ன செய்தார் என்பதும் இருந்தது. அதே பெண்ணுக்குப் பாடத்தை உருப்போடுவது கைவரவில்லை! எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் என்ன உடுத்தியிருந்தார்கள் என்று கண்ணை மூடச்சொல்லிக் கேட்டால் தடுமாறினார். அவருக்கு அழியாமல் இருந்தவை அவர் வாழ்ந்த நாட்கள்தான்.

பிற்பாடு ஆய்வாளர்களும் ‘மிக உயர்ந்த தன்வாழ்க்கை நினைவு’ என்று பொருள்படும் நீளமான ஒரு பெயருக்கு மாறிக்கொண்டார்கள். கிரேக்கச் சொல்லில் ‘ஹைப்பர்’ என்று இருக்கும் ‘மிகை’யை விட இந்தத் ‘தன்வாழ்க்கை’தான் நமக்குப் பயன்படும்.

வீட்டில் ஒரு சோதனை செய்து பார்த்தேன். என் பெரியம்மா 30 வருடம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். 2009 நவம்பர் மண்சரிவு பற்றிக் கேட்டேன். மேட்டுப்பாளையம் சாலை அறுந்தது, விளக்கில் மண்ணெண்ணெய் தீர்ந்தது, பக்கத்து வீட்டுப் பிள்ளையை யார் தூக்கிக்கொண்டு ஓடினார்கள் என்பது வரை வரிசையாகச் சொன்னார். சரி, அதற்கு முந்தின மாதம் ஒரு புதன்கிழமை எத்தனை கிலோ எடுத்தீர்கள் என்றேன். “அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கும் சாமி?” என்று முறத்தைத் தட்டிக்கொண்டே உள்ளே போய்விட்டார். ஏ.ஜே. போன்றவர்களுக்கு அந்தப் புதன்கிழமையும் போகாது. நல்ல நாள், கெட்ட நாள், ஒன்றுமே நடக்காத நாள் எல்லாம் கிடக்கும்.

அதனால் என் முன்மொழிவு: நாள்மறவாமை. ஆளைக் குறிக்க ‘நாள்மறவார்’.

கோத்தகிரியிலிருந்து.

*

தம்பி,

‘ஆற்றல்’ வேண்டாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2006 என்றதும் எனக்கு இங்கே குறிஞ்சி பூத்து மலைச்சரிவு நீலமாகக் கிடந்தது தெரிகிறது. அடுத்து 2018 தெரிகிறது. நடுவில் 11 வருடம் ஒன்றோடொன்று குழைந்து கிடக்கிறது. உங்கள் பெரியம்மா கதைதான் எனக்கும்.

ஆனால் இரண்டு ஐயம். ஒன்று, குறளில் ‘பொச்சாவாமை’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறதே, ஆளில்லாமல் கிடக்கும் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டால் என்ன? இரண்டு, புணர்ச்சி. நாள் + மீன் நாண்மீன் ஆவது போல இது ‘நாண்மறவாமை’ என்றல்லவா வரவேண்டும்?

*

ஐயா,

பொச்சாவாமை எனக்கும் ஆசைதான். ஆனால் வள்ளுவர் அங்கே சொல்வது மகிழ்ச்சியில் மயங்கிக் கடமையை மறக்காமல் இருப்பது. முயன்று காக்கவேண்டிய குணம். அதே அதிகாரத்தில் ஒரு குறளில் அதைக் கருவி என்றே சொல்கிறார். டெக்கருக்கு நேர்ந்திருப்பது முயற்சியே இல்லாமல் வருவது, வேண்டாம் என்றாலும் வருவது. பழஞ்சொல்லை மீட்கப்போய் அதன் பொருளைக் கெடுத்துவிடக்கூடாது.

புணர்ச்சியில் நீங்கள் சொல்வதுதான் இலக்கணம். நாண்மீன், கோண்மீன், நாண்மலர் எல்லாம் அப்படித்தான். ஆனால் இன்று ‘நாண்மறவாமை’ என்று எழுதினால் வெட்கத்தை மறக்காத குணம் என்றே படிப்பார்கள். ‘நாள்மீன்’ என்று பிரித்து எழுதும் வழக்கம் இப்போது இருக்கிறது. கலைச்சொல்லுக்குத் தெளிவு முதலில் வேண்டும் என்பதால் இங்கே புணர்க்காமல் விட அனுமதி கேட்கிறேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். போட்டோ பிடித்தது போல என்று நாம் பேச்சில் சொல்வதைக் கலைச்சொல்லில் கொண்டுவரக்கூடாது. நாவலில் டெக்கர் பழைய நாளைப் படச்சுருள் போல ஓட்டிப் பார்த்துத் துப்புக் கண்டுபிடிக்கிறார்; கதைக்கு அது அருமை. ஆனால் இவர்களுக்கும் நடக்காதது நடந்ததாக நினைவில் ஏறக்கூடும் என்று 2013இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. ‘பதிவு’, ‘நிழற்படம்’ என்று பெயரில் வைத்தால் பிழையே வராது என்ற எண்ணம் வாசகர் மனதில் உட்கார்ந்துவிடும். நாவலில் தலையடியால் வருவதாகச் சொல்வதையும் அறிமுகத்தில் கதை என்றே குறிக்கப்போகிறேன், ஏ.ஜே.க்கு அது சிறுவயதிலேயே தொடங்கியது.

வரியில் வைத்துப் பார்த்தேன்: ‘நாள்மறவாமை உள்ள டெக்கருக்கு அந்த இரவு இன்னும் விடியவில்லை.’ இடறாமல் படிக்க முடிகிறது. முதல் இடத்தில் மட்டும் ஹைப்பர்தைமீசியா என்று சேர்த்துவிட்டு, மற்ற இடங்களில் இதையே வைக்கிறேன்.

டெக்கருக்கு மரணம் நீல நிறமாகத் தெரியும் அந்தச் சினஸ்தீசியாவுக்கு (ஒரு புலனின் உணர்வு இன்னொன்றோடு கலந்து தெரிவது) நாளைக்குத் தனி இழை தொடங்குகிறேன் ஐயா. ‘புலன்கலப்பு’ என்று குறித்து வைத்திருக்கிறேன். அதற்கும் நீங்கள்தான் பார்த்துச் சொல்லவேண்டும்.