ஃபாயில் படகு: பார்த்தவர்கள், ஓட்டியவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

ஃபாயில் என்றால் தண்ணீருக்கடியில் இருக்கும் இறக்கை; வேகம் பிடித்ததும் அது படகையே நீர்மட்டத்துக்கு மேலே தூக்கிவிடும். அப்படி ஓடும் பாய்ப்படகு வகைகளில் ஒன்றான மோத்தைக் கிட்டத்தில் பார்த்தது இத்தாலியில், கார்டா ஏரிக் கரையில். மதியத்துக்கு மேல் தெற்கிலிருந்து ‘ஓரா’ காற்று கிளம்பும் வரை படகுகளைக் கரையில் சாய்த்துப் போட்டிருந்தார்கள். ஒரே ஆள் ஓட்டுவது, நீளம் 3.35 மீட்டர்தான். படகின் நடுவிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் நடுப்பலகையின் அடியில் ஒன்று, சுக்கானின் அடியில் ஒன்று என இரண்டு சின்ன இறக்கைகள்.

படகின் மூக்கில் ஒரு மெல்லிய குச்சி தொங்கியது. படகுக்காரரிடம் கேட்டுவிட்டு விரலால் அதைப் பின்னால் தள்ளினேன். நடு இறக்கையின் பின்விளிம்பில் உள்ள மடல் கீழே இறங்கியது. விட்டதும் ரப்பர் இழுத்து மடல் மேலேறிக்கொண்டது. படகு தாழ்ந்து ஓடும்போது தண்ணீர் குச்சியைப் பின்னுக்குத் தள்ளும், தூக்குவிசை கூடும். உயர்ந்துவிட்டால் குச்சி நேராகத் தொங்கும், விசை குறையும். மோட்டாரும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை!

என்னைக் கேட்டால் தூக்குவது சுலபம், அளவோடு தூக்குவதுதான் வித்தை. தண்ணீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தி. அதனால் அவ்வளவு சின்ன இறக்கை அதைக் கீழ்நோக்கித் திருப்பினாலே ஆளும் படகும் மேலே வந்துவிடும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. அந்தக் குச்சி மட்டும் இல்லையென்றால் இறக்கையே தண்ணீருக்கு வெளியே வந்துவிடும்.

•

வெளியே வந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும் அண்ணா. நான் வாஸ்ப் ஓட்டுகிறேன், அதுவும் மோத் மாதிரி ஒரே ஆள் ஓட்டும் ஃபாயில் படகுதான். இறக்கையின் முதுகில் அழுத்தம் குறைவு. நுனி நீர்மட்டத்தைக் கிழித்தால் போதும், அந்த வழியாகக் காற்று உள்ளே இறங்கிவிடும். தூக்குவிசை பொசுக்கென்று போய், மூக்கு தண்ணீரில் குத்தி, ஆள் முன்னால் பறப்பான். ஹெல்மெட் இல்லாமல் ஏறாதீர்கள்.

•

சாதாரணப் பாய்ப்படகில் பழகியவன் நான். ஃபாயில் படகைக் காற்று வரும் பக்கமே சாய்த்து ஓட்டுகிறார்களே, அது ஏன்?

•

அப்படிச் சாய்த்தால் தூக்குவிசையில் ஒரு பங்கு காற்றுப் பக்கமாக இழுக்கும், படகு பக்கவாட்டில் நழுவாது. உங்கள் எடையும் இன்னும் வெளியே தள்ளி நின்று பாயோடு மல்லுக்கட்டும். முதலில் பயமாகத்தான் இருக்கும், அப்புறம் பழகிவிடும்.