தர்மபுரி ஸ்டேஷன் பக்கம் மனை: என்னென்ன பார்க்கணும்?

கேள்வி: ஸ்டேஷனை ஒட்டி ஒரு மனை விலைக்கு வருது. மொரப்பூர் பாதை வந்தா விலை ஏறும்ங்கிறார் புரோக்கர். வாங்கலாமா?

பதில்: மொரப்பூர்–தர்மபுரி சுமார் 36 கி.மீ. புதுப்பாதை, 2019-இல் அடிக்கல் நாட்டினாங்க. அடிக்கல்லுக்கெல்லாம் விலை கொடுக்காதீங்க. முதல்ல சர்வே எண் நிலமெடுப்பு அறிவிப்பில் வருதான்னு பாருங்க. ரயில்வே சட்டம் 20-ஏ பிரிவில், நிலத்தை எடுக்கப்போறோம்னு அறிவிப்பு வந்தால் 30 நாளுக்குள் ஆட்சேபம் தரலாம். 20-இ பிரிவில், நிலத்தை எடுக்கிறோம்னு பிரகடனம் வந்துட்டா நிலம் மத்திய அரசுடையது. அப்புறம் விற்றவரைத் தேடி அலையணும்.

பதில்: அண்ணன் சொன்னதோட இதையும் சேர்த்துக்குங்க. ரயில்வே எல்லையிலிருந்து 30 மீட்டருக்குள் கட்டினால் ரயில்வேயின் தடையின்மைச் சான்று வேணும். தண்டவாளத்திலிருந்து அளக்கக் கூடாது, ரயில்வே நில எல்லையிலிருந்து அளக்கணும். பலர் ஏமாறுறது இங்கேதான். புலப்படம் (சர்வே எண்ணோட அளவு வரைபடம்) எடுத்து சர்வேயரை வைத்து அளங்க. சான்றுக்கு சேலத்துக்கு ஓடாதீங்க. மொரப்பூர்தான் சேலம் ரயில்வே கோட்டம், தர்மபுரி ஸ்டேஷன் பெங்களூரு கோட்டம்.

கேட்டவர்: டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் இருக்குங்க. போதாதா?

பதில்: போதாதுங்க. 30 வருஷ வில்லங்கச் சான்று, பட்டா, மூலப்பத்திரம் மூணும் ஒத்துப்போகணும். இன்னொண்ணு, மனை ரயில் பாதைக் கரைக்கு மேட்டுப்பக்கமா இருந்தா, கரைக்கு அடியில் தண்ணி போகிற சிறுபாலம் எங்கேன்னு பாருங்க. அது மண் அடைச்சா மழைத்தண்ணி உங்க மனையிலதான் தேங்கும்.